தைராய்டுக்கு இரண்டாவது மாத்திரையா? கோத்தகிரி வாசகிக்குப் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. எனக்கு 46 வயது. கோத்தகிரியைத் தாண்டி ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், இருக்கிறோம். அங்கன்வாடியில் வேலை, லீவு நாளில் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பேன். எட்டு வருடமாகத் தைராய்டு குறைவு என்று மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருடம் மார்ச்சில் மாத்திரை 100, டி.எஸ்.எச். 2.9 இருந்தது. செப்டம்பரில் 0.3 என்று வந்தது, டி-4 ஜாஸ்தி என்று சொல்லி 75 ஆகக் குறைத்தார்கள். இந்த ஜனவரியில் 6.8. மறுபடியும் 100 ஆக்கினார்கள். போன மாதம் 3.6. எல்லாம் நார்மல் என்கிறார்கள், எனக்கு மட்டும்தான் நார்மலாக இல்லை. காலையில் எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. குழந்தைகளின் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை. முடி கொட்டுகிறது, அதற்காகப் போன வருட ஆடி மாதம் ஒரு மாத்திரை வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டேன், பலனில்லை, விட்டுவிட்டேன். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். 100 மாத்திரையோடு டி-3 என்று இன்னொன்று, 20, காலையில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். அது இதயத்தைப் பிடிக்கும் என்று நாத்தனார் பயமுறுத்துகிறாள். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன், அங்கே பன்றித் தைராய்டில் செய்த இயற்கை மாத்திரை இருக்கிறது, அனுப்பட்டுமா என்கிறான். டி-3 மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், இன்னும் தொடவில்லை. ஆரம்பிக்கலாமா? பிப்ரவரியிலிருந்து இரும்புச் சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன், மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறது, ரத்தம் இன்னும் 10.2தான் என்றார்கள். எல்லா மாத்திரையையும் காலையில் டீயோடு சேர்த்துப் போட்டுவிடுகிறேன். அது சரிதானே?

பதில்:

அம்மா, அந்த மாத்திரை அலமாரியிலேயே இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்னும் மூன்று மாதம் இருக்கட்டும் என்கிறேன். உங்கள் அசதி கற்பனை என்றோ, ரிப்போர்ட் நார்மல் என்றால் ஆளும் நார்மல் என்றோ நான் நினைக்கவில்லை. எட்டு வருடமாக நீங்கள் சாப்பிடுகிற லெவோதைராக்சின்தான் டி-4 மாத்திரை. அதைச் சரியாகச் சாப்பிட்டு, டி.எஸ்.எச். நார்மலாக இருந்தும், நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேர் உங்களைப் போலவே சொல்கிறார்கள். அவர்களில் சிலருக்கு டி-3 சேர்த்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டியவரா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ரத்தம் 10.2 என்று, அங்கிருந்து ஆரம்பிப்போம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்தது 12 இருக்க வேண்டும். 10.2 என்பது ரத்தசோகை. அடித்துப் போட்ட மாதிரி அசதி, முடி கொட்டுவது, பெயர் மறப்பது, சரிவில் நாலு அடி ஏறினால் மூச்சு வாங்குவது, மற்றவர்களுக்கு முன்னால் குளிர்வது, இத்தனையும் தைராய்டு குறைவிலும் வரும், ரத்தம் குறைந்தாலும் வரும். உடம்புக்குப் புகார் சொல்ல வார்த்தைகள் கொஞ்சம்தான், பல வியாதிகளுக்கும் அதே வார்த்தைகளையே வைத்து ஓட்டுகிறது. தைராய்டு என்று ஒரு பெயர் ஏற்கெனவே உங்கள் மேல் ஒட்டியிருப்பதால் எல்லாப் புகாரையும் எல்லோரும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். நாங்கள் டாக்டர்களும்தான்.

பிப்ரவரியிலிருந்து இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏன் ஏறவில்லை? டீ. என் கிளினிக்கில் இதை வாயால் சொல்லிப் பலனில்லாமல் செய்தே காட்டுவேன். பால் விடாத கடுந்தேநீர் அரை டம்ளரில் இரும்புச் சத்து டானிக் சில சொட்டு விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேநீர் மை மாதிரி கறுத்துப்போகும். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. வயிற்றுக்குள்ளும் அதுவேதான் நடக்கிறது; அப்படிப் பிடிபட்ட இரும்பு ரத்தத்தில் சேராது. தேயிலையை நம்பிப் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு டீயைக் குறை சொல்கிறேனே என்று கோபிக்காதீர்கள், நானும் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடிக்கிறவள்தான். மாத்திரையோடு வேண்டாம், அவ்வளவுதான்.

அதே கூட்டத்தில் தைராய்டு மாத்திரைக்கும் அடி விழுகிறது. இரும்பும் கால்சியமும் லெவோதைராக்சினைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். பாலும் டீயும் காபியும் அது உள்ளே சேருவதைக் குறைக்கும். ஆக மூன்றையும் ஒரே வாயில் போட்டால் ஒன்றும் ஒழுங்காகப் போய்ச் சேராது. மார்ச்சில் 100 மாத்திரைக்கு 2.9 இருந்த டி.எஸ்.எச்., இப்போது அதே 100க்கு 3.6 ஆனதற்கு இந்த இரும்பு மாத்திரையே காரணமாக இருக்கலாம். டி.எஸ்.எச். கூடினால் ஹார்மோன் குறைகிறது என்று அர்த்தம், கீழே விளக்குகிறேன்.

இன்னொன்று. 46 வயதில் ரத்தம் அதிகம் போகிறது என்றால் அதற்கான காரணத்தைப் பார்த்தாக வேண்டும். தைராய்டு குறைவே அப்படிச் செய்யும், கர்ப்பப்பைக் கட்டியும் செய்யும், மாதவிடாய் நிற்கப்போகிற வயதும் செய்யும். ஒரு ஸ்கேன் எடுத்து மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

இப்போது அந்த 0.3க்கு வருவோம். அதற்கு முன், உங்களோடு சேர்த்து இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒரு வார்த்தை. டி.எஸ்.எச். கூடினால் 'தைராய்டு ஜாஸ்தியாயிடுச்சு' என்று வீட்டில் சொல்கிறோம், அது தலைகீழ். டி.எஸ்.எச். என்பது தலையிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கழுத்திலிருக்கும் தைராய்டைப் பார்த்துப் போடுகிற சத்தம். வேலை குறைந்தால் சத்தம் கூடும், வேலை அதிகமானால் சத்தம் அடங்கும். எனவே 6.8 என்றால் ஹார்மோன் போதவில்லை, 0.3 என்றால் மிஞ்சிவிட்டது.

எட்டு வருடமாக ஒரே மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் திடீரென்று செப்டம்பரில் ஹார்மோன் மிஞ்சுவானேன்? போன வருட ஆடியில் முடிக்காக மூன்று மாதம் ஒரு மாத்திரை சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதன் அட்டை கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். முடிக்கென்று விற்கிற மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும், 5 அல்லது 10 மில்லிகிராம் என்று பெரிய அளவில். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம் போலத்தான். அது உடம்பைக் கெடுக்காது, லேபில் இருக்கும் மிஷினை ஏமாற்றும். பல லேப்களில் தைராய்டு பரிசோதனையே பயோட்டினைப் பசை போலப் பயன்படுத்தும் முறையில்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது நிறைய இருந்தால், டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும் டி-4 உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டும். உங்கள் செப்டம்பர் ரிப்போர்ட் அச்சாக அப்படித்தான் இருக்கிறது. அதை நம்பி 75 ஆகக் குறைத்தார்கள், குறைத்ததும் நிஜமாகவே ஹார்மோன் போதாமல் ஜனவரியில் 6.8 ஆனது. அட்டையைப் பார்க்காமல் இதை நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேதிகள் இவ்வளவு பொருந்தும்போது சந்தேகப்படாமல் இருக்கவும் முடியவில்லை. இனி அந்த மாதிரி மாத்திரை எதுவும் சாப்பிட்டால், ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

ஆக, கடந்த ஒன்றரை வருடத்தில் உங்கள் முதல் மாத்திரையே ஒழுங்காக நிலைகொள்ளவில்லை. அதற்குள் இரண்டாவதைச் சேர்த்தால், நன்றாக ஆனாலும் எதனால் ஆனது என்று தெரியாது, கெட்டாலும் எதனால் என்று தெரியாது.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். லெவோதைராக்சின் 100 காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அதற்கப்புறம் முக்கால் மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து டீ. நம் ஊர் மார்கழிக் குளிரில் விடியற்காலை டீயில்லாமல் ஒரு மணி நேரம் உட்காருவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். முடியவில்லையென்றால் ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது. அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. எந்த நேரம் என்பதைவிட, தினமும் அதே நேரம் என்பது முக்கியம். இரும்பு மாத்திரை இதிலிருந்து நாலு மணி நேரமாவது தள்ளி, மதியம் வைத்துக்கொள்ளுங்கள், எலுமிச்சம்பழச் சாறோடு. அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்செரிச்சலுக்கோ எலும்புக்கோ ஏதாவது போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதுவும் இந்தக் கணக்கில் வரும்.

ஒரு எச்சரிக்கை. இப்படி மாற்றியதும் அதே 100 மாத்திரை முன்பைவிடக் கூடுதலாக உள்ளே சேரும். டோஸைத் தொடாமலே டோஸ் கூடின மாதிரி. அதனால் மாற்றிய நாளைக் குறித்து வைத்து, சரியாக எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச்.சும் ஃப்ரீ டி-4ம் பாருங்கள். அவசரப்பட்டு மூன்றாம் வாரம் பார்க்காதீர்கள். டி-4 உடம்பில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதே ரத்தத்தில் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி-12, வைட்டமின் டி, சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று. சிரிக்காதீர்கள். நான் இந்த மலைக்கு வந்த புதிதில் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் ஒருவருக்கு, அசதி அசதி என்று வந்தார் என்பதற்காக, தைராய்டு மாத்திரையை மூன்று தடவை கூட்டினேன். கூட்டக் கூட்டப் படபடப்புதான் வந்தது, அசதி போகவில்லை. கடைசியில் அவர் மனைவி ஒருநாள் கூட வந்து, 'இவர் ராத்திரி மூச்சு விடுவதற்கே மறந்துபோகிறார் டாக்டர்' என்றார். அதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் செய்தும், ரத்தம் 12ஐத் தாண்டியும், டி.எஸ்.எச். ஒரே சீராக இருந்தும், இதே அசதி என்றால்? அப்போது டி-3யைப் பற்றிப் பேசலாம். அது என்ன, எதற்கு என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறேன்.

தைராய்டு சுரப்பி ஒரு தேயிலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அனுப்புவது பெரும்பாலும் பச்சைக் கொழுந்து, அதுதான் டி-4. கொழுந்தை அப்படியே டம்ளரில் போட்டுக் குடிக்க முடியாது. பேக்டரிக்குப் போய்த் தூளாக வேண்டும். அந்தத் தூள் டி-3. ஈரல், சிறுநீரகம், தசை, மூளை என்று உடம்பில் பல இடங்களில் பேக்டரி உண்டு. டி-4இல் நாலு அயோடின் அணு, அதில் ஒன்றைக் கழற்றினால் டி-3, அவ்வளவுதான் வேலை. உடம்பில் ஓடுகிற டி-3இல் ஏறக்குறைய 80 சதவீதம் இப்படி வெளியே தயாராவதுதான். மிச்சத்தை மட்டும் சுரப்பியே தூளாக அனுப்புகிறது. 14 பங்கு கொழுந்துக்கு ஒரு பங்கு தூள் என்கிற மாதிரி.

சுரப்பியே இல்லாதவர்களுக்கு டி-4 மட்டும் கொடுத்தாலும் உடம்பு அதிலிருந்து டி-3 செய்துகொள்கிறது என்று 1970இல் நிரூபித்தார்கள். அதற்கப்புறம் உலகம் முழுக்க ஒரே மாத்திரை என்று ஆனது. கொழுந்தை அனுப்பினால் போதும், பேக்டரி பார்த்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவே நடக்கிறது. ஆனால் ரத்தத்தில் அளவு சரியாக இருந்தாலும், சிலருக்கு மூளை மாதிரியான இடத்தில் இருக்கும் பேக்டரி கொஞ்சம் மந்தமோ என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. 1999இல் 33 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. டி-4இல் 50 மைக்ரோகிராமைக் குறைத்து அதற்குப் பதில் 12.5 மைக்ரோகிராம் டி-3 கொடுத்ததில் மனநிலையும் ஞாபகமும் மேம்பட்டதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே உற்சாகம். அதற்கப்புறம் ஒரு டஜனுக்கு மேல் ஆய்வுகள் நடந்தன. மொத்தமாகப் பார்த்தால் இரண்டு மாத்திரை ஒரு மாத்திரையைவிடச் சிறந்தது என்று அவை காட்டவில்லை. ஆனாலும் சில ஆய்வுகளில், எது எந்த மாத்திரை என்று தெரியாமல் சாப்பிட்டவர்களிலேயே கணிசமானவர்கள், இரண்டு சேர்ந்ததே தேவலாம் என்று சொன்னார்கள். ஆக, எல்லோருக்கும் கிடையாது, ஒருவருக்கும் கிடையாது என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பியத் தைராய்டு சங்கம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைச் சோதனை முயற்சியாக மட்டும் செய்யச் சொல்கிறது. மூன்று மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்கிறது.

இனி உங்கள் சீட்டு. இன்னொரு மருத்துவர் நேரில் பார்த்து எழுதியதைக் கடிதம் மூலமாக நான் திருத்தக் கூடாது. அவர் எழுதியதை நீங்கள் படித்த விதத்தில் தவறு இருக்கலாம்; 20 என்பது மாத்திரையின் அளவாகவும், அதில் கால் பங்கு என்பது பக்கத்தில் சின்னதாக எழுதப்பட்டதாகவும்கூட இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியபடி பார்த்தால் எனக்கு உறுத்துகிறது. டி-3 ஒரு மைக்ரோகிராம், டி-4 மூன்று மைக்ரோகிராமுக்குச் சமம் என்று தோராயமாகக் கணக்கு வைப்போம். அப்படியானால் 20 மைக்ரோகிராம் டி-3, 60 மைக்ரோகிராம் டி-4க்குச் சமம். 100ஐக் குறைக்காமல் அதன் மேல் இதைப் போட்டால் 160 சாப்பிட்ட மாதிரி. சில வாரத்திலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், நாத்தனார் சொன்னது பலித்துவிட்டது என்று ஹட்டி முழுக்கப் பேச்சாகும்.

ஒன்றைச் சேர்க்கும்போது மற்றதைக் குறைக்க வேண்டும். 100 சாப்பிடுகிறவருக்கு டி-4ஐ 88 ஆக்கி, டி-3 நாள் முழுவதற்கும் சேர்த்து 5 மைக்ரோகிராம் என்பதுதான் வழக்கமான ஆரம்பம். டி-4க்கும் டி-3க்கும் விகிதம் 13க்கு 1 முதல் 20க்கு 1 வரை இருக்கலாம். 88க்கு 5 என்பது அதற்குள் வருகிறது. அந்த 5ஐயும் ஒரே வேளையில் போடாமல் காலையில் பாதி, ராத்திரி பாதி என்று பிரிப்பது நல்லது. காரணம், டி-4 மாதிரி இது நிதானமான ஆள் கிடையாது. விழுங்கிய இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய்விடும், ஒரு நாளில் பாதிக்கு இறங்கிவிடும். காலையில் மொத்தமாக 20ஐப் போட்டால், நீங்கள் அங்கன்வாடியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் உச்சம், சாயங்காலம் இறக்கம். இந்த 20 மாத்திரையை அருவாமனையில் வைத்து நாலாக நறுக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதி பொடியாகப் போகும், மீதியில் ஒரு துண்டு 3, ஒரு துண்டு 7 என்று இருக்கும். 5 மைக்ரோகிராம் மாத்திரையாக வரவழைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். டி-3 எல்லா மருந்துக் கடையிலும் இருப்பு வைக்கிற சாமான் இல்லை. பாதியில் தீர்ந்துபோய் நிற்காமல் மூன்று மாதத்துக்கானது கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

ஆகவே கோயம்புத்தூர் டாக்டரிடம் திரும்பப் போகும்போது மூன்று கேள்வி: டி-4ஐ எவ்வளவு குறைக்க வேண்டும், டி-3யை எத்தனை வேளையாகப் பிரிக்க வேண்டும், பலனில்லை என்றால் எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் இல்லை என்று நம்புகிறேன். கூடவே இந்த ஹீமோகுளோபின் கதையையும் சொல்லுங்கள், அன்றைக்குச் சொன்னீர்களோ என்னவோ.

உங்கள் நாத்தனார் சொல்வதில் பாதி உண்மை. ஹார்மோன் மிஞ்சினால் இதயம் வேகமாக ஓடும், சிலருக்குத் தாளம் தப்பும். வருடக்கணக்கில் மிஞ்சியே இருந்தால், அதுவும் மாதவிடாய் நிற்கிற வயதில், எலும்பும் தேயும். சரியான அளவில், கண்காணிப்போடு கொடுத்தால் அந்தப் பயம் வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. அதனால் ஆரம்பிக்கும் முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், கோத்தகிரியிலேயே எடுக்கலாம். கர்ப்பம் தரிக்க வாய்ப்பிருப்பவர்களுக்கும் டி-3 கூடாது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளரத் தாயின் டி-4 வேண்டும், டி-3 அந்த வேலையைச் செய்யாது. 46 வயதில் இதெல்லாம் எதற்கு என்பீர்கள். மாதவிடாய் நிற்காத வரைக்கும் இந்தக் கேள்வியை நான் எல்லோரிடமும் கேட்பேன். உடம்பு இளைக்கும் என்று நினைத்தும் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

எப்போது ஆரம்பிப்பது என்பதிலும் நம் மலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறபோது, தைராய்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் கை கால் விறைக்கும், போர்வையை விட்டு எழ மனசு வராது. அப்போது மாத்திரையை ஆரம்பித்து, மார்ச்சில் வெயில் வந்ததும் 'அப்பாடா, உடம்பு லேசாகிவிட்டது' என்றால், பெருமை மாத்திரைக்கா வெயிலுக்கா? இதற்காகவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மூன்று மாதம் முடிந்து நன்றாக இருக்கிறது என்றாலும், டாக்டர் மேற்பார்வையில் பழைய ஒற்றை மாத்திரைக்கு ஆறு வாரம் திரும்பச் சொல்வேன். அப்போது மறுபடி அந்த மந்தம் வந்தால், டி-3 நிஜமாகவே உதவியிருக்கிறது. வராவிட்டால் ஒரு மாத்திரை மிச்சம். பாதிப் பேர் இதற்கு முகம் சுளிப்பார்கள். நன்றாக இருக்கிறதை ஏன் கலைக்கிறீர்கள் என்பார்கள். இருந்தாலும் கேட்பேன்.

ஆரம்பிக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தினமும் இரண்டே வரி போதும். காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன்னால், மணிக்கட்டில் விரல் வைத்து முழுதாக ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதுங்கள். அப்புறம், வழக்கமாக நீங்கள் ஏறுகிற ஒரு சரிவை, தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வருகிற பாதை என்று வைத்துக்கொள்வோம், நிற்காமல் ஏற முடிந்ததா, எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள். 'பரவாயில்லை', 'சுமார்' என்றெல்லாம் எழுதாதீர்கள், மூன்று மாதம் கழித்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. வாரம் ஒரு தடவை இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் தாளின் ஓரத்தில் தெரிந்துவிடும்.

ஆரம்பித்த முதல் வாரத்தில் சிலருக்கு ஒரு சுறுசுறுப்பு வரும், அதை நம்பித் துள்ள வேண்டாம். சிலருக்கு லேசான படபடப்பு, தூக்கம் கெடுவது. அப்படியானால் ராத்திரி டி-3யைச் சாயங்காலத்துக்கு நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100ஐத் தாண்டினால், துடிப்பு ஒன்று விட்டு ஒன்று என்று தாறுமாறாக இருந்தால், அல்லது நெஞ்சு வலித்தால், அடுத்த வேளை டி-3யைப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். நெஞ்சுவலி என்றால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. அன்று காலை மாத்திரை எதையும் போடாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம் போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் டி-3 உச்சத்தில் மாட்டிக்கொண்டு ஜாஸ்தி என்று காட்டும், மறுபடியும் பழைய செப்டம்பர் கதையாகிவிடும்.

அண்ணன் மகனிடம் அந்தப் பன்றி மாத்திரையை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பெரிய வரலாறு உண்டு. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு, தைராய்டு செத்துப்போன ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அந்த அம்மா அதற்கப்புறம் 28 வருடம் இருந்தார். இன்றைக்கும் அமெரிக்காவில் பன்றித் தைராய்டு மாத்திரையால் நன்றாக இருப்பதாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பன்றிக்கு அந்த விகிதம் 4க்கு 1. நமக்கு 14க்கு 1. மனிதருக்கு வேண்டியதைவிட அதில் டி-3 ரொம்ப அதிகம். இயற்கைதான், பன்றிக்கு இயற்கை.

நீங்கள் கேட்கவில்லை, அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள்: முட்டைக்கோஸ், நூல்கோல், முள்ளங்கியை நிறுத்த வேண்டுமா? நம் மலையில் விளைவதே பாதி அதுதான். வேண்டாம், நிறுத்தாதீர்கள். அயோடின் உப்பு போட்டுச் சமைத்து, வழக்கமான அளவில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கோஸைப் பச்சையாக அரைத்து ஜூஸ் குடிக்கச் சொல்லி யாராவது வீடியோ அனுப்பினால் மட்டும் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

மாத்திரை டப்பாவை அடுப்பு மேல் தட்டிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். நம் ஊர்க் குளிர் இந்த மாத்திரைக்கு நல்லது, மூடுபனியின் ஈரம் நல்லதில்லை. ஒரு வாரத்துக்கானதை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும்போது கூடவே கொண்டுபோனால் கைப்பையில் இருக்கட்டும், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இந்த வாரமே நேரத்தை மாற்றினால் ஜனவரியில் ரத்தம் கொடுக்கலாம். இரும்பு ஏற இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும், பிப்ரவரியில் அதை மட்டும் மறுபடி பாருங்கள். இரண்டு ரிப்போர்ட்டும் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். இந்தத் தடவை ஹீமோகுளோபினைக் கடைசி வரியில் வைக்காமல் முதல் வரியில் எழுதுங்கள். அந்த முடி மாத்திரையின் அட்டை கிடைத்தால் அதையும் கூடவே வைத்து அனுப்புங்கள்.